எட்ஸோ: மனைவியிலிருந்து வெட்டி எடுத்த கணவன்

எஸ்பராந்தோ மொழியில் ‘எட்ஸோ’ என்றால் கணவன், ‘எட்ஸினோ’ என்றால் மனைவி. கண் மருத்துவர் சாமன்ஹோஃப் 1887இல் வெளியிட்ட, அவரே உருவாக்கிய செயற்கை மொழி அது. அவர் பிறந்த பியாவிஸ்டாக் இன்று போலந்தில் இருக்கிறது. அன்று அங்கே ரஷ்யன், போலிஷ், ஜெர்மன், யூதர்களின் மொழியான இத்திஷ் நான்கும் புழங்கின. அந்தச் சூழலை, தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்கும் ஓசூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எஸ்பராந்தோவில் பெயர்ச்சொற்கள் ‘ஓ’வில் முடியும். அதற்கு முன் ‘இன்’ சேர்த்தால் பெண்பால்: பாத்ரோ தந்தை, பாத்ரினோ தாய். அந்தக் கணக்குப்படி எட்ஸோ முதலில் பிறந்து, எட்ஸினோ பின்னால் வந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். ஜெர்மனில் ‘பிரின்ட்ஸ்’ இளவரசன், ‘பிரின்ட்செஸின்’ இளவரசி. இளவரசனைக் கழித்தால் மிஞ்சும் வால்தான் எட்ஸினோ ஆனது என்பார் சிலர். யூத மதகுருவான ரபியின் மனைவியைக் குறிக்கும் ‘ரெபெட்சின்’ என்ற இத்திஷ் சொல்லே மூலம் என்பார் வேறு சிலர். நான் இரண்டாம் கட்சி. ‘எட்சின்’ என்ற ஒலி அதில் அப்படியே கிடக்கிறது, இத்திஷும் அவர் சிறுவயது முதல் கேட்ட மொழி. எதுவானாலும், மனைவிச் சொல்லில் ‘இன்’னை நீக்கியபோதுதான் கணவன் கிடைத்தான். மணமாகாதவனும் இதே வழியில் வந்தவன்தான்: ஜெர்மன் ‘ஃப்ராய்லைன்’ (செல்வி) ‘ஃப்ரவ்லினோ’ ஆகி, அதிலிருந்து ‘ஃப்ரவ்லோ’.

தமிழில் நேர்ச்சொற்கள் கணவன், மனைவி; அதில் சிக்கல் இல்லை. ஆனால் சாமன்ஹோஃபின் கத்தரியை இங்கே வைக்க முடியாது. இல்லாளை ஆண்பாலாக்கிப் பாருங்கள்: இல்லான், அதாவது ஏழை! ‘இல்லானை இல்லாளும் வேண்டாள்’ என்று நல்வழி பாடிய ஔவை இரண்டையும் அருகருகே நிறுத்திவிட்டார். (தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவை வேறு, இவர் பிற்காலத்தவர்.) ஓசூர்ச் சந்தையில் காதில் விழும் புருஷன்–பெண்டாட்டி, கன்னடத்து கண்ட–ஹெண்டதி, தெலுங்கின் மொகுடு–பெள்ளாம் ஆகிய ஜோடிகளிலும் கணவன் மனைவியிலிருந்து பிறக்கவில்லை. பெண்டாட்டியும் ஹெண்டதியும் ‘பெண்’ணில் பிறந்த உறவுக்காரர்கள், அவ்வளவுதான்.

மனைவியை வைத்து ஆணைச் சுட்டும் சொல் தமிழில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அவள் இறந்த பிறகு. காதலியை இழந்தவன் நிலையைத் தொல்காப்பியம் ‘தபுதார நிலை’ என்கிறது. தபுதல் இறத்தல், தாரம் மனைவி. செய்திகளில் ‘மனைவியை இழந்தவர்’ என்று நீட்டுவதற்குப் பதில் தபுதாரர் என்றே எழுதலாம்.