முள்கம்பி வேலியும் வளைகுடாவும்: டெக்சாஸுக்கு ஏன் எல்லாப் பேரிடரும் வருகிறது?

வட துருவத்துக்கும் டெக்சாஸுக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான் இருக்கிறது என்று அந்த மாநிலத்துக்காரர்கள் சொல்வதுண்டு. வேடிக்கையாகச் சொல்வதுதான். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை. கனடாவின் வடகோடியிலிருந்து டெக்சாஸ் வரைக்கும் வழிநெடுகச் சமவெளி. ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. குறுக்கே நின்று குளிர்காற்றை மறிக்க ஒரு மலையும் இல்லை. இந்தியாவுக்கு இமயமலை செய்யும் காவல் வேலையைச் செய்ய அங்கே ஆளில்லை.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, 1980 முதல் 2024 வரை நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் விளைவித்த வானிலைப் பேரிடர்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. விலைவாசி உயர்வையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அவற்றில் 190 டெக்சாஸைத் தாக்கியவை. வேறு எந்த மாநிலத்துக்கும் இவ்வளவு இல்லை. புயல், வெள்ளம், டொர்னாடோ என்னும் தரை தொடும் சுழல்காற்று, ஆலங்கட்டி, வறட்சி, காட்டுத்தீ, உறைபனி எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஏறக்குறைய 6.95 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாநிலம். ராஜஸ்தானைப் போல இரண்டு மடங்கு. பெரிய இடத்தில் அதிகம் நடக்கத்தான் செய்யும். ஆனால் பரப்பை மட்டும் காரணம் காட்டினால் விஷயம் புரியாது. தென்கிழக்கே வெதுவெதுப்பான கடல், மேற்கே உயரமான வறண்ட பீடபூமி, வடக்கே திறந்த வாசல். இந்த மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் டெக்சாஸ் உட்கார்ந்திருக்கிறது. பட்டியலில் தனித்தனியாகத் தெரிகிற பேரிடர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்து பிறந்தவை.

கடலிலிருந்து தொடங்கலாம். கோடையின் உச்சத்தில் மெக்சிகோ வளைகுடாவின் மேல்நீர் 30 டிகிரி செல்சியஸைத் தொடும். அதிலிருந்து ஆவியாகிற நீர் காற்றோடு கலந்து நிலத்துக்குள் நகர்கிறது. அந்த ஈரம் வெறும் மழைக்கான சரக்கு மட்டும் இல்லை. நீர் ஆவியாகும்போது வாங்கிய வெப்பத்தை, மேலே போய்த் துளியாகக் குளிரும்போது திருப்பிக் கொடுக்கிறது. இடிமேகத்தை மேலே தூக்குவதும் புயலைச் சுழற்றுவதும் அந்த வெப்பம்தான். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். பூமி சூடேறுவது பற்றிப் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது.

அடுத்து மேற்குப் பீடபூமி. வசந்த காலத்தில் வளைகுடாவின் ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கே பரவும்போது, மெக்சிகோவின் உயர்ந்த பாலை நிலத்தில் சூடேறிய வறண்ட காற்று அதன் தலைக்கு மேலே வந்து படிகிறது. கீழே ஈரம், மேலே சூடான ஒரு படலம். சூடான காற்றுக்குக் கீழிருக்கும் காற்றால் எளிதில் எழும்ப முடியாது. பாத்திரத்தின் மேல் கனமான மூடியை வைத்ததுபோல ஆகிவிடுகிறது. வானிலை ஆய்வாளர்களும் அதை மூடி என்றுதான் அழைக்கிறார்கள்.

மூடி இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. மூடி இல்லாத நாளில் நண்பகலுக்குள் ஆங்காங்கே சிறு மழை பெய்து, சேர்ந்த ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிவிடும். மூடி இருக்கும் நாளில் வானம் தெளிவாக இருக்கும்; வெயில் காயும்; தரையை ஒட்டிய காற்று மேலும் மேலும் சூடேறி, ஈரம் சேர்ந்து, மாலை வரை அடைபட்டுக் கிடக்கும். அப்புறம் ஈரக்காற்றும் வறண்ட காற்றும் மோதும் எல்லையில், வறள்கோடு என்று சொல்லலாம், எங்கோ ஓரிடத்தில் மூடி உடைகிறது. அத்தனை ஆற்றலும் அந்த ஒரு துளை வழியாக மேலே பாய்கிறது. பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் எழ ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை.

அந்த மேகம் ஏன் சுழல்கிறது? தரையருகே காற்று தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. உயரே மேற்கிலிருந்து, இன்னும் வேகமாக. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பென்சிலை வைத்து எதிரெதிராகத் தேய்த்தால் அது உருளும் அல்லவா? அதுபோல இரண்டு காற்றுக்கும் நடுவில் கிடைமட்டமாக ஓர் உருளை உருள்கிறது. மேலெழும் காற்று அந்த உருளையைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தும்போது மேகமே சுழல ஆரம்பிக்கிறது. இப்படிச் சுழலும் மேகங்களில் ஒரு பங்குதான் டொர்னாடோவை இறக்கும். ஆனால் இறங்கினால் தாங்காது. 1953 மே 11 அன்று வேகோ நகரில் 114 பேர் இறந்தார்கள்.

டொர்னாடோவை எப்படி அளப்பது என்பதற்கான பதிலும் இந்த மாநிலத்தோடு சம்பந்தப்பட்டது. 1970 மே 11 அன்று லபக் நகரை ஒரு டொர்னாடோ தாக்கி 26 பேரைக் கொன்றது. அந்தச் சேதத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர் வானிலை விஞ்ஞானி டெட்சுயா ஃபுஜிட்டா. மறு ஆண்டு அவர் தன் பெயரால் வழங்கும் அளவுகோலை வெளியிட்டார். அது காற்றை அளப்பதில்லை. விழுந்த வீடுகளையும் முறிந்த மரங்களையும் பார்த்துக் காற்றின் வேகத்தை ஊகிக்கிறது. லபக்கிலேயே இருக்கும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் பின்னர் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். பழைய அளவில் உச்ச நிலைக்கு மணிக்கு சுமார் 420 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 2007-ல் நடைமுறைக்கு வந்த புதிய அளவில் 320-க்குக் கொஞ்சம் மேலே போனாலே போதும். காரணம் என்னவென்றால், வீடுகள் நினைத்ததைவிடக் குறைந்த காற்றிலேயே பெயர்ந்து போகின்றன. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் ஒழுங்காகப் பிணைத்தால் பல வீடுகளைக் காப்பாற்றலாம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

இதே மேலெழும் காற்றுதான் பனித்துண்டைக் கீழே விழவிடாமல் தாங்கித் தாங்கிப் பெரிதாக்குகிறது. 2021 ஏப்ரலில் ஹோண்டோ என்ற ஊரில் விழுந்த ஆலங்கட்டியின் விட்டம் 16 சென்டிமீட்டர். நோவாவின் 190-ல் 126, ஆலங்கட்டியும் டொர்னாடோவும் சூறைக்காற்றும் சேர்ந்த கடும் இடிமழைகள். கடலிலிருந்து வந்த புயல்கள் வெறும் 16. எண்ணிக்கையில் இடிமழை; ஒரே அடியில் சேதம் என்றால் புயல். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சரி, வெள்ளத்துக்கு வருவோம். இந்த மாநிலத்தில் என்னை அதிகம் கலங்கடிப்பது இதுதான். சான் அன்டோனியோ, ஆஸ்டின் நகரங்களை ஒட்டி பால்கோனிஸ் என்ற மேட்டுச் சரிவு ஒன்று ஓடுகிறது. உயரம் அதிகமில்லை, சில நூறு அடிதான். ஆனால் வளைகுடாவிலிருந்து சமவெளி மேல் வரும் ஈரக்காற்றுக்கு முதல் படிக்கட்டு அதுதான். ஏறிய காற்று குளிர்கிறது, மழை கொட்டுகிறது. கீழே இருப்பதோ சுண்ணாம்புப் பாறை. மேலே மெல்லிய மண். விழுந்த நீரை உறிஞ்ச ஒன்றுமில்லை. செங்குத்தான ஓடைகள் வழியாக அப்படியே ஆற்றில் இறங்குகிறது. 1921 செப்டம்பரில் த்ரால் என்ற ஊரில் 18 மணி நேரத்தில் 92 சென்டிமீட்டர் பெய்தது. 1935 மே 31 அன்று டிஹேனிஸ் அருகே 2 மணி 45 நிமிடத்தில் 56 சென்டிமீட்டர்.

இன்னொரு கொடுமை, இந்த மழை பல நேரம் இரவில்தான் வலுக்கிறது. பகலில் தரை சூடாகி, காற்று மேலும் கீழுமாகப் புரள்வதால், தரையின் உராய்வு உயரத்தில் வீசும் காற்றையும் பிடித்து இழுக்கும். பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து அந்தப் பிடி விட்டுப்போகிறது. சில நூறு மீட்டர் உயரத்தில் தெற்குக்காற்று திடீரென்று வேகமெடுத்து, வளைகுடாவின் ஈரத்தை இரவெல்லாம் உள்ளே தள்ளுகிறது.

2025 ஜூலை 4 அதிகாலையில் நடந்தது அதுபோன்ற ஓர் இரவு. பேரி என்ற வெப்பமண்டலப் புயல் கலைந்து விட்டுப்போன ஈரமும் சேர்ந்துகொண்டது. குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் ஏறக்குறைய 8 மீட்டர் உயர்ந்தது. அந்த ஆறு ஓடும் கெர் மாவட்டத்துக்கு திடீர் வெள்ள எச்சரிக்கை இரவு 1.14-க்கு வெளியாகிவிட்டது. ஆனால் அது மொபைல் சிக்னல் சரிவரக் கிடைக்காத பள்ளத்தாக்கு, விடுமுறை நாள், தூக்கம். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; கரையோரக் கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகளும் அவர்களில் உண்டு. வெள்ளச் சமவெளிக்குள் முகாம் விடுதிகள் இருக்கக்கூடாது என்று அந்த ஆண்டு செப்டம்பரில் மாநிலம் சட்டம் இயற்றியது.

அதே மழை ஹூஸ்டனில் விழுந்தால் கதை வேறு. அங்கே நிலம் தட்டை, மண் களிமண், அதன் மேல் கான்கிரீட். நீர் பாய்வதில்லை, தேங்குகிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கரையேறியபின் அதை இழுத்துச் செல்லும் காற்று பலவீனமாக இருந்ததால் நாள் கணக்கில் நகராமல் நின்றது. நெடர்லேண்ட் என்ற ஊரில் மொத்தம் 154 சென்டிமீட்டர் மழை. அவ்வளவு நீரின் எடையில் ஹூஸ்டன் பகுதியின் தரையே இரண்டு சென்டிமீட்டர் வரை அமுங்கியதை ஜி.பி.எஸ். கருவிகள் பதிவு செய்தன. நீர் வடிந்ததும் நிலம் மெல்ல மேலே வந்தது.

மேற்கிலும் வடமேற்கிலும் பிரச்சினை நேர் எதிர். கிழக்கு எல்லையில் ஆண்டுக்கு 150 சென்டிமீட்டர் மழை பெய்தால் மேற்குக் கோடியில் இருக்கும் எல் பாசோவில் 23-ஐத் தாண்டுவதே கஷ்டம். மழை வந்த பருவத்தில் வளர்ந்த புல் குளிர்காலத்தில் காய்ந்து நிற்கும். காற்று எழுந்தால் ஒரு பொறி போதும். 2024 பிப்ரவரியில் பற்றிய ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் எரித்தது.

வடக்கு வாசல் 2021 பிப்ரவரியில் முழுசாகத் திறந்தது. துருவக் குளிர்காற்று வளைகுடாக் கரை வரை இறங்கியது. அந்தக் குளிர் வடகோடியில் இருக்கும் மினசோட்டா மாநிலத்துக்கு ஒரு சாதாரண வாரம். டெக்சாஸிலோ எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. மின் நிலையங்கள் வரிசையாக நின்றன. மாநிலத்தின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனித்தே இயங்குவதால் பக்கத்து மாநிலங்களிடம் கடன் வாங்கவும் வழி குறைவு. முழுக் கட்டமைப்பும் விழ 4 நிமிடம் 37 விநாடி இருந்தபோது நிலைமையைப் பிடித்து நிறுத்தினார்கள். 45 லட்சம் வீடுகள் இருண்டன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள்.

வானிலை ஒன்றுதான், விளைவு இரண்டு. அதனால்தான் இடர் கணக்கில் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. அமெரிக்கப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா, மாவட்ட வாரியாகப் போடும் இடர்க் குறியீட்டில், ஆண்டுக்கு எவ்வளவு இழப்பு வரக்கூடும் என்பதோடு அங்கிருப்பவர்கள் எவ்வளவு நலிந்தவர்கள், மீண்டு எழ எவ்வளவு வசதி இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடை போடுகிறது. கால்வெஸ்டன் தீவு இதற்குச் சாட்சி. 1900 செப்டம்பர் 8 அன்று, மிக உயர்ந்த இடமே 2.7 மீட்டர் இருந்த அந்த ஊருக்குள் நாலரை மீட்டர் கடல்நீர் ஏறியது. குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். அதன்பின் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான கடற்சுவர் கட்டினார்கள். வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலை நிரப்பி, ஊரையே உயர்த்தினார்கள். 1915-ல் இன்னொரு பெரும் புயல் வந்தபோது ஊர் பிழைத்தது.

கடைசியாக ஒரு சொல். ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. அந்த அளவும் நிலையானதில்லை. 2018-ல் நோவா பழைய பதிவுகளோடு புதியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஹூஸ்டனில் ஒரே நாளில் பெய்யக்கூடிய நூறாண்டு மழை 33 சென்டிமீட்டரிலிருந்து 46-க்குப் போனது; ஆஸ்டினில் 25-லிருந்து 33-க்கு. நூறாண்டு வெள்ளம் எதுவரை வரும் என்று வரைபடத்தில் போட்ட பழைய கோட்டுக்கு வெளியே, பத்திரம் என்று நம்பி வீடு வாங்கியவர்கள், வீட்டை நகர்த்தாமலே கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டார்கள்.

டெக்சாஸில் வெள்ளத்தில் இறப்பவர்களில் பலர் வாகனத்தில் இருப்பவர்கள். மலைப்பாங்கான பகுதியில் சாலைகள் பாலமில்லாமல் ஓடையைக் கடக்கும் தாழ்வான இடங்கள் ஏராளம். ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தால் ஆளைத் தள்ளிவிடும். 30 சிறிய காரை நகர்த்தும். 60 பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். அதனால் அந்தக் கடவைகள் பலவற்றில் ஆழம் குறித்த கம்பம் ஒன்று சாலையோரம் நட்டிருப்பார்கள். இரவில், மழையில், ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த எண்கள் தெரியவில்லை என்றால் வண்டியைத் திருப்பிவிட வேண்டும்.