வீட்டு வீடியோ பட்டியலில் 'செலக்ட் ஆல்' அழுத்தும் முன்

கல்யாண கேசட், காதுகுத்து சிடி இவற்றை கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் வரும் வாடிக்கையாளர்களுக்கு கேசட்டில் பூஞ்சை பிடித்துவிடுமே என்ற பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான். அந்த வீடியோக்களின் விவரப் பட்டியல் ஒரே கிளிக்கில் பாழாகலாம் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலைப் போடப் பயன்படும் மூவி கலெக்டர், ஆன்ட் மூவி கேட்டலாக், டெல்லிக்கோ போன்ற மென்பொருள்கள் சினிமா டிஸ்க், புத்தகம் போன்றவற்றைச் சேர்ப்பவர்களுக்காக வந்தவை. படத்தின் பெயர், இயக்குநர், வருடம் எல்லாம் இணையத்திலிருந்து தானாக வந்து உட்காரும். வீட்டு வீடியோவுக்கு அப்படி எதுவும் வராது. நிகழ்ச்சி, ஊர், யார் வீட்டு விசேஷம், கேசட் எண் என்று நாமே கஸ்டம் ஃபீல்டு (நமக்கு வேண்டிய விவரத்துக்கு நாமே உருவாக்கும் பெட்டி) போட்டு நிரப்ப வேண்டும். இயக்குநர் பெயர் அழிந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று பெரியம்மா சொல்லி எழுதிய வரி அழிந்தால், அதை எங்கே போய் இறக்குவது?

நம் பக்கத்தில் அடிக்கடி கெடுவது மாவட்ட ஃபீல்டு. பழைய லேபிள்களில் 'வட ஆற்காடு' என்றே எழுதியிருப்பார்கள். பட்டியலைப் புதுப்பிக்க உட்காரும் பிள்ளைகள் எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஒரே அடியாக 'வேலூர்' என்று மாற்றிவிடுகிறார்கள். அந்தப் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டமாகப் போனது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டமும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆக, ஆரணியில் எடுத்த கல்யாணம் இன்று திருவண்ணாமலை மாவட்டக் கணக்கு. வாலாஜாவில் எடுத்தது ராணிப்பேட்டை, வாணியம்பாடியில் எடுத்தது திருப்பத்தூர். எல்லாவற்றுக்கும் 'வேலூர்' என்று போட்டால், ஊர் ஃபீல்டு காலியாக இருக்கும் வீடியோக்களில் எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

நான் சொல்லும் வழி இதுதான். லேபிளில் இருந்தது லேபிளில் இருந்தபடியே இருக்கட்டும், அந்த ஃபீல்டைத் தொடவே வேண்டாம். 'இன்றைய மாவட்டம்' என்று புதிதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் ஃபீல்டில் 'ஆம்பூர்' என்று ஃபில்டர் போட்டு, வந்தவற்றை மட்டும் செலக்ட் செய்து புது ஃபீல்டில் திருப்பத்தூர் என்று நிரப்புங்கள். அப்புறம் அடுத்த ஊர். கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

தேடி மாற்றும் வசதியில் 'முழுதாகப் பொருந்தினால் மட்டும்' என்ற தேர்வு இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். ஆற்காடு டவுனை மனதில் வைத்து 'ஆற்காடு' என்பதை 'ராணிப்பேட்டை' ஆக்கிய ஒரு பட்டியலில் 'வட ராணிப்பேட்டை' என்று இல்லாத மாவட்டம் ஒன்று முளைத்திருந்தது.

தமிழில் தட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'வேலூர்' என்று ஒருவர் அடிப்பார். இன்னொருவர் லு போட்டுத் துணைக்கால் சேர்த்து 'வேலுார்' என்று அடிப்பார். திரையில் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு சொல். 'சௌந்தர்' என்பதை ஒற்றைக்கொம்பும் ள-வும் வைத்து அடித்தாலும் இதே கதைதான். ஃபில்டரில் பாதி வீடியோ வரும், மீதி பழையபடியே கிடக்கும், வேலை முடிந்தது என்று நாம் எழுந்து போய்விடுவோம். அதனால் முதலில் அந்த ஃபீல்டை வைத்து பட்டியலை வரிசைப்படுத்தி, ஒரே பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

தேதியைத் திருத்த பலரும் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து எக்செல்லில் திறக்கிறார்கள். லேபிளில் 5/6/94 என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் அது மே 6 ஆகிவிடும். 25/6/94 என்பதை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதி, பாதி எழுத்து. குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெண், "அண்ணா, அம்மா கல்யாணம் வைகாசியில், இது மே 6-ன்னு காட்டுதே" என்று கேட்டார். சரியான கேள்வி. வைகாசி பிறப்பதே மே மாத நடுவில்தான், மே 6 சித்திரை. ஜூன் 5 என்றால் வைகாசி, 1994-இல் அது ஞாயிற்றுக்கிழமையும்கூட. கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். எக்செல்லில் நேரடியாகத் திறக்காமல், இம்போர்ட் செய்யும்போது தேதி நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. எழுத்து முறையை யூடிஎஃப்-8 என்று கொடுங்கள், இல்லையென்றால் தமிழெல்லாம் குப்பையாகத் தெரியும். தேதியை 1994-06-05 என்று வருடம் முன்னால் வரும்படி எழுதி வைப்பது நல்லது. வரிசைப்படுத்தவும் அதுதான் வசதி.

பல வீடியோக்களைச் சேர்த்து எடிட் செய்யும் கட்டத்தில் காலியாகத் தெரியும் பெட்டிகளிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு வீடியோவிலும் வேறு விவரம் இருப்பதால்தான் அது காலியாகத் தெரியும். சில மென்பொருள்கள் அந்த வெறுமையையே எல்லாவற்றிலும் எழுதிவிடும். டெல்லிக்கோவில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பக்கத்தில் டிக் பெட்டி வரும், டிக் போட்டது மட்டும் மாறும். உங்களுடையது எப்படி நடக்கிறது என்று மூன்று நான்கு வீடியோவில் செய்து பார்த்த பிறகு மொத்தமாகக் கை வையுங்கள். பெயர்கள் உள்ள ஃபீல்டில் 'சேர்' என்பதும் 'மாற்று' என்பதும் ஒன்றல்ல. ஒரு பெயரைச் சேர்க்கப் போய் இருந்த பத்துப் பெயரை இழந்துவிடாதீர்கள்.

பேக்கப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. மென்பொருளை மூடிவிட்டு, டேட்டாபேஸ் கோப்பையும் அட்டைப்படங்கள் உள்ள ஃபோல்டரையும் பென்டிரைவில் தேதி போட்டு காப்பி எடுங்கள். சேவ் செய்த பிறகு அன்டூ கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

உறவுமுறை ஃபீல்டு மட்டும் தனி ரகம். அப்பா உருவாக்கிய பட்டியலில் 'தங்கை' என்று இருப்பவர், பட்டியல் மகன் கைக்கு வந்ததும் 'அத்தை'. மகன் மொத்தமாக மாற்றினால், அப்பாவின் சித்தப்பா மகள்கள், தாத்தாவின் தங்கை என்று அந்தச் சொல் குறித்த எல்லோரும் ஒரே அத்தைக் கூட்டத்தில் போய்ச் சேர்வார்கள். பெயருக்கு ஒரு ஃபீல்டு, உறவுக்கு ஒரு ஃபீல்டு, யாருக்கு அந்த உறவு என்பதற்கு ஒரு ஃபீல்டு வையுங்கள். இதை மொத்தமாகத் திருத்தவே வேண்டாம். பெயர் தெரியாத வீடியோக்களை மட்டும் ஃபில்டர் செய்து பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு, ஆடிக் கிருத்திகைக்குச் சொந்தமெல்லாம் வீட்டில் கூடும்போது டிவியில் ஓடவிட்டுப் பெரியவர்களைக் கேட்டு பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுவதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.