நூறு ஆண்கள் சேர்ந்து பாடினால் எவ்வளவு சத்தம்?

ஒருவர் பாடுவதைவிட நூறு பேர் பாடுவது நூறு மடங்கு சத்தமாகக் கேட்குமா? கேட்காது. சுமார் நான்கு மடங்குதான். நூறு பேரின் ஒலி ஆற்றல் சேரும்போது அளவு 20 டெசிபல் உயர்கிறது. நம் காதோ ஏறக்குறைய பத்துப் பத்து டெசிபலாக ஏறினால்தான் சத்தம் இரட்டித்ததாக உணரும். இரண்டு இரட்டிப்பு, நான்கு மடங்கு, அவ்வளவே. ஆனாலும் தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளைச் சேர்ந்த ஆண்கள் பாடகர் குழு ஒன்று எழுந்து நின்று பாடத் தொடங்கினால், அந்த ஒலி மண்டபத்தையே நிறைத்துவிடுகிறது. பெரும்பாலும் முறையாக இசை படிக்காத ஆட்கள் அவர்கள். எப்படி முடிகிறது?

முதல் காரணம் கொஞ்சம் வேடிக்கையானது: அவர்கள் யாரும் மிகச் சரியாக ஒரே சுரத்தில் பாடுவதில்லை. ஒருவர் 220 ஹெர்ட்ஸிலும் பக்கத்தில் இருப்பவர் 222 ஹெர்ட்ஸிலும் பாடினால் வினாடிக்கு இரண்டு முறை ஒலி கூடிக் குறையும். பள்ளியில் இசைக்கவைகளை வைத்துச் செய்து காட்டும் விம்மல் இதுதான். இரண்டு பேர் மட்டும் என்றால் அது காதை உறுத்தும். இருபது பேர் என்றால் 190 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு விம்மல், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில். அத்தனையும் கலந்ததும் எதையும் தனியே பிரிக்க முடியாமல், ஒரு மெல்லிய மினுமினுப்பு மட்டும் மிஞ்சுகிறது. காது அதைக் கூட்டத்தின் குரல் என்று எடுத்துக்கொள்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘கோரஸ்’ என்ற பொத்தானை அழுத்தினால் கருவி செய்வதும் இதைத்தான்: ஒரே குரலைப் பல நகல்களாக்கி, ஒவ்வொன்றையும் இம்மியளவு தாமதப்படுத்தி, சுருதியை லேசாக நகர்த்திக் கலக்கிறது.

இரண்டாவது காரணம், ஆண் குரல்கள் குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது. குழுவில், உச்சியிலிருந்து அடிவரை, நான்கு பிரிவுகள்: முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பேஸ். பேஸ் பாடுபவர் 80 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்குவார். முதல் டெனர் 440ஐத் தொட்டு அதற்குச் சற்று மேலும் போவார். மொத்தம் இரண்டரை ஸ்தாயி. ஒவ்வொரு குரலும் தன் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளையும் (மேற்சுரங்களை) சேர்த்தே எழுப்புகிறது. நான்கு பிரிவுகளும் அருகருகே இருப்பதால் ஒருவருடைய மேற்சுரத்தின் மேல் இன்னொருவருடைய மேற்சுரம் விழுந்து ஒலியைத் தடிப்பாக்குகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மிகத் தாழ்ந்த இரண்டு சுரங்கள் நெருங்கி வந்தால் உட்காது அவற்றைப் பிரிக்கத் திணறும், கரகரவென்று கேட்கும். அதனால் அனுபவமுள்ள இசையமைப்பாளர் பேஸைத் தள்ளித் தனியே நிறுத்திவிட்டு, மேலே உள்ள மூன்றையும்தான் நெருக்குவார்.

பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது இன்னொன்றும் நடக்கிறது. 220 ஹெர்ட்ஸ் சுரத்தின் மேல் ஒரு ‘மேஜர் தேர்ட்’ (ச-வுக்கு மேல் அந்தர காந்தாரம் போன்ற சுரம்) வைக்க வேண்டும் என்றால் பியானோவில் அது 277.2 ஹெர்ட்ஸ். முதல் சுரத்தின் ஐந்தாம் மடங்கு 1100. பியானோ சுரத்தின் நான்காம் மடங்கு சுமார் 1109. வினாடிக்கு ஒன்பது விம்மல்கள்! பியானோவில் இதற்கு நாம் பழகிப்போய்விட்டோம். நல்ல பாரிடோன் வரிசையோ அந்த உரசலைக் கேட்டு 275ஐ நோக்கி இறங்கிவிடும். அங்கே இரண்டு மடங்குகளும் 1100இல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார, உரசல் மறைந்து இசைவு தெளிகிறது. யாரும் கணக்குப் போடுவதில்லை, காதே செய்துகொள்கிறது.

என்னைக் கேட்டால், கிராமத்துக் குழுவின் பெரிய பலம் உச்சரிப்புதான். ‘ஆ’வும் ‘ஓ’வும் வேறாகக் கேட்பது வாயும் தொண்டையும் எந்த மேற்சுரங்களைத் தூக்கிக் கொடுக்கின்றன என்பதைப் பொறுத்தது. பத்துப் பேர் பத்து விதமாக ‘ஆ’ சொன்னால் சுருதி சேர்ந்தாலும் ஒலி சேராது. நகரத்துக் குழுக்கள் மாதக்கணக்கில் இதற்குப் பயிற்சி எடுக்கின்றன. ஒரே தெருவில் பிறந்து ஒரே பேச்சுவழக்கில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி வேலை பிறப்பிலேயே முடிந்திருக்கிறது.

சரி, இந்தக் குழுக்கள் ஏன் குறிப்பாக அந்தப் பள்ளத்தாக்குகளில் முளைத்தன? ரோந்தா பள்ளத்தாக்கில் 1851இல் ஆயிரம் பேர்கூட இல்லை. நிலக்கரி அழைத்தது; 1911இல் ஒன்றரை லட்சம் பேர். 1842இலேயே பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கச் சட்டம் தடை போட்டிருந்ததால் வேலைக்கு வந்து குவிந்தவர்கள் பெரும்பாலும் இளம் ஆண்கள். ஊருக்கு ஊர் கிறிஸ்தவச் சிற்றாலயங்கள். அங்கே கீர்த்தனைகளைச் சபை முழுவதும் நான்கு பிரிவாகப் பாடும் வழக்கம் 1859க்குப் பின் வேகமாகப் பரவியது. அந்த ஆண்டுதான் யேயான் குவில்ட் என்ற புனைபெயர் கொண்ட ஜான் ராபர்ட்ஸ் தன் ராகத் தொகுப்பை வெளியிட்டார்.

ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்கள் நான்கு பிரிவாக எப்படிப் பாடினார்கள்? டானிக் சோல்ஃபா என்ற எழுத்து முறையால். நார்விச்சைச் சேர்ந்த சாரா குளோவர் உருவாக்கியதை 1840களில் ஜான் கர்வன் என்ற போதகர் செம்மைப்படுத்தினார். நம் ச-ரி-க-ம போலவே இதிலும் ‘டோ’ எந்தச் சுருதியிலும் உட்காரும். மற்றவை அதிலிருந்து உள்ள தூரத்தைக் காட்டும். தாளத்துக்குப் புள்ளியும் முக்காற்புள்ளியும். ஊர் அச்சகத்தில் கிடக்கும் சாதாரண எழுத்துகளைக் கோத்தே அச்சிடலாம் என்பதால் விலை மலிவு. வேல்ஸ் மிஷனரிகளோடு இந்த முறை காசி மலைகளுக்கும் மிசோரமுக்கும் வந்தது. மிசோ சபைகளில் அதைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள்.

ரோந்தாவின் ட்ரியோர்க்கி ஊரில் 1883இல் தொடங்கிய பாடல் மரபு 1895இல் விண்ட்சர் கோட்டையில் விக்டோரியா மகாராணியின் முன் போய் நின்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதே ரோந்தாவின் டைலர்ஸ்டவுனில் 1924இல் பிறந்த பென்டிரஸ் குழு. நிலக்கரித் தொழில் சரிந்து, வேலையில்லாமல் பலர் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். ஒத்திகைக்குப் போக நேரம் மட்டும் ஏராளமாக இருந்தது.

1957 அக்டோபரில் ஒரு விநோதக் கச்சேரி நடந்தது. கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை அமெரிக்க அரசு பறித்திருந்தது. அவர் நியூயார்க்கில் பாட, அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக தெற்கு வேல்ஸின் போர்த்கால் நகரில் கூடியிருந்த சுரங்கத் தொழிலாளர்கள் கேட்டார்கள். ட்ரியோர்க்கி குழுவும் அங்கே பாடியது. சாதாரணத் தொலைபேசித் தடம் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அநேகமாக வெட்டிவிடும். ஆழமான ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 100ஐ ஒட்டி இருக்கிறது. அப்படியும் தொலைபேசியில் கட்டைக் குரல் கட்டைக் குரலாகவே கேட்பதற்குக் காரணம், 300, 400, 500 என்று வரும் மேற்சுரங்களின் இடைவெளியைப் பார்த்து மூளை இல்லாத 100ஐத் தானே நிரப்பிக்கொள்வதுதான்.

ரோந்தாவின் கடைசிச் சுரங்கமான மயர்டி 1990இல் மூடப்பட்டது. குழுக்கள் இருக்கின்றன, ஆனால் தலைகள் நரைத்துவிட்டன. முதலில் தட்டுப்பாடு வருவது முதல் டெனர் வரிசையில். வயது ஏற ஏற உச்சிச் சுரங்களைத் தாங்கிப் பிடிப்பது கடினமாகிறது. இங்கேயும் அதே கணக்குதான். இருபது டெனர்கள் பத்தானால் குறைவது 3 டெசிபல், கேட்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. பத்து ஐந்தானால் இன்னொரு 3. மூன்று பேர் மட்டும் மிஞ்சும்போதோ விம்மல்கள் தனித்தனியே காதில் விழ ஆரம்பிக்கும், யார் சுருதி விலகுகிறார் என்பது கடைசி வரிசைவரை தெரியும்.