லொறியின் காற்றுப் பாதையை மாற்றலாமா? புகைப் பரிசோதனை, தகுதிச் சான்றிதழ், பதிவுப் புத்தகம் பற்றி ஒரு விளக்கம்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளைச் சுற்றினால் கூம்பு வடிவ எயார் ஃபில்டர் கண்ணில் படாமல் போகாது. சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, பளபளக்கும் அலுமினியக் குழாயோடு இன்னொன்று. "போட்டுப் பாருங்க அண்ணே, ஏத்தத்துல வித்தியாசம் தெரியும்" என்று சொல்லித்தான் விற்பார்கள். வாங்கிப் பூட்டிய பிறகுதான் கேள்விகள் வரும். எமிஷன் டெஸ்டில், அதாவது புகைப் பரிசோதனையில், விழுந்துவிடுமா? பொலிஸ் மறித்தால் என்ன சொல்வது? பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டுமா?

முதலில் நேரான பதில். எயார் ஃபில்டரை மாற்றுவதற்கென்று தனி அனுமதிப்பத்திரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மாற்றத்தால் என்ன நடக்கிறது என்பதைச் சட்டம் வேறு வழிகளில் பார்க்கிறது. புகை கறுத்தால் ஒரு இடத்தில் பிடிபடும். வண்டியின் அமைப்பு கெட்டால் இன்னொரு இடத்தில் பிடிபடும். பதிவுப் புத்தகத்தில் உள்ள விபரத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாவிட்டால் மூன்றாவது இடத்தில் பிடிபடும்.

இந்த ஆசை இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் பழைய கன்டர், எல்ஃப் லொறிகளை வைத்தே ஓட்டியவர்கள்தான் அதிகம். புதிய லொறியின் விலையைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, இருக்கிற வண்டியில் இன்னும் கொஞ்சம் இழுவை கிடைத்தால் போதும் என்று தோன்றுவது நியாயம்தான்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கு என்ன வேண்டும்

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வீதியில் ஓடும் வாகனத்துக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதை வழங்குவது மாகாண மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் அது கிடைக்காது. உங்கள் பதிவுப் புத்தகத்தில் வாகன வகை லொறி என்று இருந்தால் இவற்றோடு தகுதிச் சான்றிதழும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற கராஜ் ஒன்றில் வண்டியைக் காட்டி அதைப் பெற வேண்டும்.

தகுதிச் சான்றிதழுக்குப் போகும்போது பிரேக், ஸ்டியரிங், டயர், லைட், சேஸி ஆகியவைதான் பெரிதாகப் பார்க்கப்படும். வெட்டி ஒட்டிய காற்றுக் குழாய் தனியே பிரச்சினையாகாமல் போகலாம். ஆனால் அதைப் பொருத்துவதற்காக கேபின் தாங்கியை வெட்டியிருந்தாலோ, பிரேக் குழாயை வளைத்திருந்தாலோ, வயர்களை உரசவிட்டிருந்தாலோ மறுப்பதற்குப் பரிசோதகருக்குப் போதுமான காரணம் கிடைத்துவிடும்.

புகைப் பரிசோதனையில் நடப்பது

காற்றுப் பாதையில் கை வைத்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வாகனப் புகைப் பரிசோதனை 2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்தது. எவ்வளவு புகைக்கு இடம் உண்டு என்ற வரம்பு 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகளில் இருக்கிறது.

பெற்றோல் வண்டிக்கு கார்பன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகார்பனையும் அளப்பார்கள். டீசலுக்கு அளப்பது புகையின் கருமையை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு நியூட்ரலில் வைத்து அக்சலரேட்டரைச் சட்டென்று அடிவரை மிதிப்பார்கள். வேகத்தை மட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம் விடுகிற உச்ச வேகம் வரை என்ஜின் ஏறி இறங்கும். சைலன்சர் குழாயில் பொருத்திய கருவி, புகையை ஊடுருவி எவ்வளவு ஒளி போகிறது என்று பார்க்கும். இப்படிச் சில தடவை மிதித்து, சராசரியை கே பெறுமானமாக எழுதித் தருவார்கள். இலக்கம் கூடினால் புகை கருமை.

அந்த அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். தேறியதா, தேறவில்லையா என்பதை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பவர்களே அதிகம். போன வருட இலக்கத்தையும் இந்த வருட இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் மாற்றம் நல்லதா கெட்டதா என்று எந்த மெக்கானிக் பாஸையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

சட்டென்று மிதிக்கும் அந்த நொடியில் டீசல் உடனே பாயும், காற்று கொஞ்சம் தாமதித்தே வரும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள வண்டியில் அது சுழன்று அழுத்தம் கட்டுவதற்கு நேரம் எடுக்கும். அந்தச் சிறு இடைவெளியில் எரியாத டீசல்தான் கறுப்புப் புகை. ஆகவே டர்போவுக்கும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ இலக்கம் எகிறும். வீட்டில் வைத்துக் குழாய் மாற்றிய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இணைப்புகளைத்தான்.

டெஸ்டுக்குப் போகிற அன்று காலையில் என்ஜினுக்கு டீசல் கொடுக்கும் பம்பில் அளவைக் குறைத்து, சான்றிதழ் கையில் வந்ததும் திரும்பக் கூட்டிவிடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அப்படிச் செய்தால் ஒரு கடதாசி கிடைக்கும், அவ்வளவுதான். வீதியில் புகை கக்கினால் அந்தக் கடதாசி உங்களைக் காப்பாற்றாது. இன்னொன்று: டைமிங் பெல்ட் உள்ள பழைய என்ஜின் என்றால் உச்ச வேகத்துக்கு மிதிக்க விடுவதற்கு முன் பெல்ட் மாற்றிய திகதியைப் பாருங்கள். பழுதான பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். சான்றிதழுக்குப் போய் என்ஜினைக் கழற்ற வேண்டி வரும்.

காற்று கூடினால் இழுவை கூடுமா

பெற்றோல் காரில் கேட்ட கதையை டீசல் லொறிக்குக் கொண்டுவருவதால்தான் குழப்பம். சாதாரண பெற்றோல் என்ஜினில் காற்றை ஒரு தட்டு மறித்து அளந்து விடுகிறது. டீசலில் இழுவையைத் தீர்மானிப்பது உள்ளே போகிற டீசலின் அளவு. தேவைக்கு மேலாகவே காற்று போய்க்கொண்டிருக்கும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால், அதற்கு மேல் தடையைக் குறைத்து நீங்கள் பெறுவது சொற்பம். சத்தம் கூடும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகக் காது நம்பிவிடும்.

வெப்பக் கணக்கையும் பாருங்கள். வெளியே 30 பாகை, என்ஜின் பக்கத்தில் 60 பாகை என்று வையுங்கள். அதே கொள்ளளவில் சூடான காற்றின் நிறை ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. கன்டர், எல்ஃப் போன்ற வண்டிகளில் கேபினுக்குப் பின்னால் மேலெழும் ஒரு குழாயைக் கண்டிருப்பீர்கள். சூடும் சேறும் எட்டாத உயரத்திலிருந்து காற்றை எடுப்பதற்காகத்தான் தயாரித்தவர்கள் அதை அங்கே வைத்தார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கேபினுக்கு அடியில் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டினால் ரேடியேட்டர் துப்புகிற சூட்டையும் முன் சக்கரம் கிளப்புகிற தூசியையும் என்ஜினுக்கு ஊட்டுகிறீர்கள். காசு கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொள்வதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

காற்று எடுக்கும் வாயை இன்னும் கீழே பம்பர் பக்கமாக இறக்குவோரும் உண்டு. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் எப்படிக் கிடந்தன என்று கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என்ஜின் தண்ணீரை உறிஞ்சினால், அமுங்காத தண்ணீரில் பிஸ்டன் முட்டி கனெக்டிங் ரொட் வளையும். டீசலில் அமுக்கம் அதிகம் என்பதால் சேதமும் அதிகம்.

புறக்கோட்டையிலிருந்து நுவரெலியாவுக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள் சொல்லும் முறைப்பாடு வேறு வகை. கடுகண்ணாவ ஏற்றம் வரை பரவாயில்லை, றம்பொடையைத் தாண்டினால் வண்டி கறுப்பாகப் புகைத்துக்கொண்டு படுத்துவிடுகிறது என்பார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர். அங்கே வளியமுக்கம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய என்ஜினுக்கு அங்கே காற்று உண்மையாகவே போதாது, பம்ப் மட்டும் கொழும்பில் கொடுத்த அளவு டீசலையே கொடுத்துக்கொண்டிருக்கும். இதற்கு ஃபில்டரை மாற்றிப் பயனில்லை. சுமையைக் குறைத்து, தாழ்ந்த கியரில் ஏறுவதும், பம்பையும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் சரியான அளவில் வைத்திருப்பதும்தான் உதவும். டர்போ உள்ள பழைய என்ஜின் என்றால் டர்போவிலிருந்து பம்புக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த அழுத்தம் பம்புக்குப் போய்ச் சேராவிட்டால் டீசல் அதிகரிக்காது, இழுவையும் வராது. ஒரு சிறு ஹோஸ் துண்டின் செலவில் தீர்கிற விடயம் அது.

அப்போ வீட்டில் எதைத்தான் செய்யலாம்? எயார் கிளீனர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு உள்பக்கக் குழாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். தூசி வந்தால் ஃபில்டரைத் தாண்டி மண் போகிறது என்று அர்த்தம். அது சிலிண்டரைத் தேய்க்கும். பெட்டியின் சீல், கிளிப், வளைவு ஹோஸ் எல்லாவற்றையும் பாருங்கள். கொம்பிரசரால் ஊதுவதானால் உள்ளிருந்து வெளியே, மெதுவான அழுத்தத்தில் ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இறுகிவிடும். பெரிய லொறிகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபில்டர் இருக்கும். உள் ஃபில்டர் காற்றை மறிக்கிறது என்று கழற்றிப் போடாதீர்கள். பெட்டியில் ஃபில்டர் அடைபட்டதைக் காட்டும் தடைகாட்டி இருந்தால் அது சிவப்பைக் காட்டும்போது மாற்றினால் போதும். பல பெரிய டீசல் என்ஜின்களில் அந்த எல்லை ஏறத்தாழ 25 அங்குல நீர் அழுத்தம்.

எண்ணெய் தடவிக் கழுவிப் பாவிக்கிற துணி ஃபில்டர் பொருத்துவதென்றால் ஒரு எச்சரிக்கை. காற்றளவு சென்சர் உள்ள புதிய வண்டிகளில் கூடுதலாகத் தடவிய எண்ணெய் சென்சரில் படியும். அது பிழையான அளவைச் சொல்ல, கணினி பிழையான கணக்குப் போடும். தண்ணீர் இணைப்புக்கு வாங்கும் பீவீசீ குழாயை என்ஜின் பக்கத்தில் பாவிப்பதும் வேண்டாம். சூட்டில் இளகி, உறிஞ்சும் அழுத்தத்தில் உள்ளே அமுங்கிவிடும்.

பதிவுப் புத்தகமும் காப்புறுதியும்

ஃபில்டர், ஹோஸ், கிளிப் எதுவும் பதிவுப் புத்தகத்தில் வராது. என்ஜின் இலக்கம், சேஸி இலக்கம், என்ஜின் கொள்ளளவு, எரிபொருள் வகை, நிறம், உடலமைப்பு ஆகியவை வரும். "டர்போ உள்ள என்ஜினையே மாற்றிவிடலாம், விலையும் பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் கதை அங்கே மாறுகிறது. என்ஜினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பெற்று, புதிய இலக்கத்தைப் பதிய வேண்டும். என்ஜின் வாங்கிய பற்றுச்சீட்டும் இறக்குமதி ஆவணமும் இல்லாமல் நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்கள அலுவலகத்துக்குப் போய் நின்று பயனில்லை. எனவே என்ஜினுக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் அந்தக் கடதாசிகளைக் கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் வாங்க வேண்டாம். பதியாத என்ஜினோடு ஓடுகிற லொறியை விற்கவும் முடியாது, களவு என்ஜினா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவும் முடியாது.

காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். ஆபத்தைக் கூட்டும் மாற்றத்தை மறைத்தால் நட்டஈடு கேட்கும் நாளில் அதையே காட்டி மறுக்க முடியும். குறிப்பாக, வயரிங்கைத் தொட்ட மாற்றம் என்றால் தீ விபத்தின்போது முதல் சந்தேகம் அங்கேதான் விழும்.

வீதியில் மறித்தால்

2025 ஜனவரியில் அரசின் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு சேர்ந்து, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கினார்கள். பஸ் சங்கங்கள் எதிர்த்த பிறகு அவகாசம் கிடைத்தது. அப்போது குறி அலங்கார லைட், ஹோர்ன், சத்தமான சைலன்சர் போன்றவையே. பொனட்டைத் திறந்து ஃபில்டர் பார்க்கிற நிலை வரவில்லை. ஆனால் கறுப்புப் புகை தூரத்திலிருந்தே தெரியும். யாரும் பொனட்டைத் திறக்கத் தேவையில்லை. புகை கக்கும் வண்டியைப் பற்றிப் பொதுமக்களும் இலக்கத்தைக் குறித்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யலாம். அதன்பேரில் திணைக்களத்திலிருந்து அழைப்பு வந்தால் வண்டியைத் திருத்தி, மறுபடி பரிசோதித்துக் காட்ட வேண்டும்.

அழைப்புக் கடிதம் வந்துவிட்டால் கழற்றி வைத்த பழைய எயார் கிளீனர் பெட்டி உங்களுக்குத் தேவைப்படும். அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள். பழையபடி பூட்டி, புதுக் காகித ஃபில்டர் போட்டு, டர்போ ஹோஸ்களின் கிளிப்பை இறுக்கிவிட்டுப் போங்கள். அப்படியும் இலக்கம் இறங்காவிட்டால் குறை காற்றில் இல்லை, இன்ஜெக்டர்களைக் கழற்றி டீசல் பம்ப் கராஜில் சோதிக்கக் கொடுக்க வேண்டியதுதான்.