‘பில்ட்’ என்னும் சொல்லும் ‘ஆக்கம்’ என்னும் தமிழும்

மனிதர் எழுதிய மூல நிரலைக் கணினியில் நிறுவி இயக்கத்தக்க வடிவுக்குக் கொண்டுவரும் வேலை முழுவதையும் மென்பொருள் துறையினர் ‘பில்ட்’ என்கிறார்கள். அந்த வேலையையும் அதன் முடிவில் கிடைக்கும் பொருளையும் அந்த ஒரே சொல் குறிக்கிறது. ‘பில்ட் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றால் வேலை. ‘நேற்றைய பில்டில் இந்தப் பிழை இல்லை’ என்றால் பொருள். தமிழில் இதற்கு உருவாக்கம், கட்டமைப்பு, கட்டுதல், தொகுத்தல் என்று ஆளுக்கு ஒரு சொல்லை எழுதிவருகிறோம். இவற்றுள் ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை. ‘ஆக்கு’ என்ற வினையும் அதிலிருந்து பிறக்கும் ‘ஆக்கம்’ என்ற பெயருமே இதற்கு உரிய தமிழ் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்லுமுன், சொல் குறிக்கும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளமான டெபியன் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பில் 69,830 பொதிகள், அதாவது ‘பேக்கேஜ்’கள், இருக்கின்றன. உலகெங்கும் உள்ள எழுத்தாளர்கள் வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு பழக்கங்களில் எழுதிய நிரல்கள் அவை. ஒவ்வொரு மூலப் பொதிக்குள்ளும் ‘டெபியன்’ என்றொரு கோப்புறை இருக்கும். அதில் உள்ள ‘கண்ட்ரோல்’ என்ற கோப்பு, இந்தப் பொதியை ஆக்குவதற்கு முன்னர் வேறு எவையெல்லாம் கணினியில் இருந்தாக வேண்டும் என்று பட்டியலிடும். ‘ரூல்ஸ்’ என்ற கோப்பு, எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும். ஆக்கும் பொறி, தேவையற்ற எதுவும் இல்லாத தூய சூழல் ஒன்றை முதலில் அமைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் அதில் நிறுவி, பிறகு நிரலைப் பெயர்த்து, நூலகங்களோடு இணைத்து, சோதனைகளை ஓட்டி, கிடைத்த கோப்புகளை உரிய இடங்களில் அடுக்கி, இறுதியில் நிறுவத்தக்க பொதியாகக் கட்டித் தருகிறது. இந்த வரிசை முழுவதும் பில்ட். நிரலைப் பெயர்ப்பது, அதாவது ‘கம்பைல்’ செய்வது, இதில் ஒரு படி மட்டுமே. எழுத்துருப் பொதிகளிலும் ஆவணப் பொதிகளிலும் அந்தப் படியே இல்லாமற்போகலாம். ஆனாலும் அவற்றுக்கும் பில்ட் உண்டு. ஆகவே கம்பைலுக்கு வழங்கும் ‘தொகுத்தல்’ என்ற சொல்லைப் பில்டுக்கு எழுதுவது உறுப்பின் பெயரை முழு உடலுக்கு இடுவதாகிவிடுகிறது.

கம்பைல் செய்யும் கருவியான ‘கம்பைலர்’ என்பதற்கு வழங்கும் ‘தொகுப்பி’ என்ற சொல்லுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1952இல் கிரேஸ் ஹாப்பர் ‘கம்பைலர்’ என்று தம் கருவிக்குப் பெயரிட்டபோது, அது முன்பே எழுதி வைத்த சிறு நிரல்களைத் தேடி எடுத்து ஒன்றாகத் தொகுத்துத் தந்தது. அன்றைய பொருளில் அது தொகுப்பியேதான். இன்றைய கம்பைலர் ஒரு மொழியில் உள்ளதை வேறொரு மொழிக்குப் பெயர்க்கிறது. ‘நிரல்பெயர்ப்பி’ என்ற சொல் அதற்குச் செம்மையாகப் பொருந்துகிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்புக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் ‘போல்ட்’ என்றால் வீடு. வீடு எழுப்புவதைக் குறிக்க அதிலிருந்து வந்த வினை ‘பில்டன்’. இதற்கும் அடியில் இருப்பது, ‘இரு, உண்டாகு, வளர்’ என்ற பொருள்கள் கொண்ட ஓர் இந்தோ ஐரோப்பிய வேர். ஆங்கிலத்தில் ‘இரு’ என்னும் பொருள் தரும் ‘பி’ என்ற வினையும், வடமொழியில் ‘ஆகிறது’ என்னும் பொருள் தரும் ‘பவதி’யும், வீட்டைக் குறிக்கும் ‘பவனம்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தவை. நம் ஊர் உணவகங்களின் பெயர்ப்பலகையில் நிற்கும் ‘பவன்’, இவ்வகையில், பில்டுக்குத் தூரத்து உறவு. கட்டடத் தொழிலின் சொல்லாக நாம் நினைக்கும் பில்ட், அடிவேரில் ‘ஆதல்’ என்னும் கருத்தைச் சுமந்து நிற்கிறது என்பதே இங்கே நமக்கு வேண்டியது.

கணினித் துறையில் இந்த வேலைக்கெனத் தனிக் கருவி ஒன்று பரவலாக வந்தது 1976இல். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய அதற்குப் பெயரே ‘மேக்’; அதாவது ‘ஆக்கு’. உடன் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன், தாம் முன்பே திருத்திவிட்ட நிரலில் பிழையைத் தேடித் தேடி ஒரு காலைப்பொழுதைத் தொலைத்திருந்தார். மூலக் கோப்பு திருந்தியிருந்தது. அதிலிருந்து மீண்டும் ஆக்க வேண்டியது ஆக்கப்படாமல் பழையதாகவே இருந்தது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டால், மாறியவற்றைச் சார்ந்தவை மட்டும் தாமே மீண்டும் ஆகிவிடும் என்பது மேக் தந்த தீர்வு. டெபியனின் ‘ரூல்ஸ்’ கோப்பு இன்றும் மேக் படித்து இயக்கும் கோப்புத்தான்.

இனித் தமிழ். ‘உருவாக்கம்’ என்ற சொல்லை மென்பொருள் எழுதுவதற்கே, அதாவது ‘டெவலப்மெண்ட்’ என்பதற்கே, பலர் ஆள்கிறார்கள். புதிய கோப்பு ஒன்றைத் திறப்பதற்கும் அதுவே வருகிறது. நிரலை உருவாக்கியவர் ஒருவர், அதைப் பில்ட் செய்பவர் வேறொருவர் என்பது டெபியன் போன்ற பெருந்தொகுப்புகளில் அன்றாட நிலை. இருவர் வேலைக்கும் ஒரே சொல் இருந்தால் யார் பொறுப்பு எது என்பதே குழம்பிவிடும். ‘கட்டமைப்பு’ ஏற்கெனவே ‘ஸ்ட்ரக்சர்’ என்பதற்கும் ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ என்பதற்கும் வேலை செய்து களைத்திருக்கிறது. ‘கட்டு’ என்பதில் வேறொரு சிக்கல்: வீடு கட்டுவதும் கட்டுதல், மூட்டை கட்டுவதும் கட்டுதல். பில்டையும் பேக்கேஜையும் நாள்தோறும் வேறுபடுத்திப் பேச வேண்டிய துறையில் இரண்டுக்கும் பொதுவான வினை உதவாது.

‘ஆக்கு’ என்பதன் வலிமை அதன் இலக்கணத்தில் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக ஆக்குகிறோம். அரிசியைச் சோறாக ஆக்குகிறோம். எதிலிருந்து எது வருகிறது என்ற இரு முனைகளையும் இந்த வினை தன் தொடரிலேயே ஏந்திக்கொள்கிறது. ‘மூல நிரலை இயங்கு நிரலாக ஆக்கு’ என்பது பில்டின் வரையறையாகவே நின்றுவிடுகிறது. ‘மூல நிரலை இயங்கு நிரலாகக் கட்டு’ என்று சொல்லிப் பாருங்கள், தொடர் இடறும்.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் முதல் இயலுக்குக் ‘கிளவியாக்கம்’ என்று பெயர். அங்கே ஆக்கம் என்பதற்கு ‘அமைத்துக்கொள்ளல்’ என்று பொருள் கூறும் சேனாவரையர், நொய்யும் நுறுங்கும் களைந்து அரிசியைச் செம்மை செய்தவரை ‘அரிசி ஆக்கினார்’ என்று சொல்லும் வழக்கை எடுத்துக் காட்டுகிறார். அதே இயலில், இயல்பாக அமையாமல் செயலால் அமைந்த பொருளைச் சொல்லும்போது ஆக்கச் சொல்லோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வருகிறது: ‘செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்’. அதை அடுத்து வருவது ‘ஆக்கந் தானே காரண முதற்றே’. ஒன்று ஆயிற்று என்று சொன்னால், எதனால் ஆயிற்று என்பதை முன்னே வைத்துச் சொல்ல வேண்டும். எருப் பெய்து களை கட்டமையால் பயிர் நல்ல ஆயின என்பது உரைகாரர் தரும் எடுத்துக்காட்டு. ‘கண்ட்ரோல்’ கோப்பில் ஆக்கத்துக்கு வேண்டியவற்றை முன்னதாகவே பட்டியலிடும் முறையும் காரணத்தை முன்வைக்கும் இந்த ஒழுங்கும் ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அந்தப் பட்டியலின் பெயரான ‘பில்ட் டிபெண்டென்சி’ என்பதை ‘ஆக்கச் சார்பு’ எனலாம். மூன்றாம் வேற்றுமைக்கு இலக்கணம் சொல்லும் பிரிவும் இங்கே கைகொடுக்கிறது. மண்ணால் குடம் செய்தான் என்பதில் மண் முதற்கருவி. சக்கரத்தால் செய்தான் என்பதில் சக்கரம் துணைக்கருவி. மூல நிரல் முதற்கருவியாகிறது. நிரல்பெயர்ப்பியும் மேக்கும் துணைக்கருவிகள்.

‘ஆக்கு’ என்பதற்குத் தன்வினையும் உண்டு என்பது இன்னொரு நன்மை. பொதி ஆகிறது, பொறி அதை ஆக்குகிறது. டெபியனில் பிழையறிக்கைகளின் தலைப்பில் அடிக்கடி தென்படும் ‘எஃப்டிபிஎஃப்எஸ்’ என்ற சுருக்கம், ஒரு பொதி மூலத்திலிருந்து ஆகத் தவறுகிறது என்பதைக் குறிக்கிறது. இதற்கு ‘ஆகாமை’ என்ற ஒரு சொல் போதும். நேற்றுவரை ஆன பொதி இன்று ஆகாமற்போவது, அதன் மூலத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே நடக்கும். 2020இல் ‘ஜிசிசி’ என்ற நிரல்பெயர்ப்பியின் 10ஆம் பதிப்பு, ஒரே மாறியைப் பல கோப்புகளில் வரையறுத்திருப்பதை இனித் தானாக ஏற்பதில்லை என்று முன்னிருப்பை, அதாவது ‘டிஃபால்ட்’டை, மாற்றியது. 2024இல் வந்த 14ஆம் பதிப்பு, நிரலில் முன்கூட்டி அறிவிக்காமல் ஒரு செயற்கூற்றை (‘ஃபங்ஷன்’) அழைப்பதை வெறும் எச்சரிக்கை என்ற நிலையிலிருந்து பிழை என்ற நிலைக்கு உயர்த்தியது. இரண்டு முறையும், ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பழைய நிரல்கள் பல ஆகாமல் நின்றன. இத்தகையவற்றை முன்கூட்டியே கண்டறிய, களஞ்சியத்தில் உள்ள எல்லா மூலப் பொதிகளையும் புதிய பெயர்ப்பியைக் கொண்டு ஒருமுறை ஆக்கிப் பார்ப்பார்கள். அதை ‘முழு மீளாக்கம்’ எனலாம்.

ஆக்கக் கருவிகளைப் பேணுவோரின் பொறுப்பு இங்கேதான் கனமாகிறது. 1997இல் ஜோயி ஹெஸ் எழுதிய ‘டெப்ஹெல்பர்’ என்ற கருவித் தொகுதி, மிகப் பெரும்பாலான டெபியன் பொதிகளின் ஆக்கத்துக்கு அடித்தளமாக நிற்கிறது. அதில் ஒரு முன்னிருப்பை மாற்றினால் ஆயிரக்கணக்கான பொதிகள் ஒரே இரவில் ஆகாமற்போகக்கூடும். மாற்றாமலே விட்டாலோ பழைய தவறுகள் என்றென்றும் நிலைத்துவிடும். மேக் கருவிக்கு இந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே நேர்ந்தது. கட்டளை வரிகள் தத்தல் (‘டேப்’) குறியோடுதான் தொடங்க வேண்டும், வெற்றிடங்கள் ஆகாது என்ற அதன் விதி இடைஞ்சலானது என்று ஃபெல்ட்மன் விரைவிலேயே உணர்ந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்ததால் அவர்களுக்குத் தொல்லை தர விரும்பாமல் விட்டுவிட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக உலகம் அந்தத் தத்தல் குறியோடு வாழ்கிறது.

டெப்ஹெல்பர் கண்ட வழி ‘காம்பேட் லெவல்’. தமிழில் ‘இணக்க நிலை’. ஒவ்வொரு பொதியும் தனக்குரிய நிலை எண்ணைத் தானே அறிவிக்கிறது. கருவியின் புதிய நடத்தை புதிய எண்ணை அறிவித்த பொதிகளுக்கு மட்டுமே பொருந்தும். 10ஆம் நிலையை அறிவித்த பொதியில் வேலைகள் தாமாகவே இணையாக ஓடும். 13ஆம் நிலையில், ஆக்கத்தின்போது நிறுவப்பட்ட ஒரு கோப்பு எந்தப் பொதியிலும் சேர்க்கப்படாமல் விடுபட்டிருந்தால் ஆக்கம் தோல்வியுறும். அதற்கு முன்பெல்லாம் அப்படி விடுபட்ட கோப்பை யாரும் கவனிக்காமலே பொதி வெளிவந்துவிடலாம். பொதியைப் பேணுபவர் தமக்கு நேரம் வாய்க்கும்போது எண்ணை உயர்த்தி, விளைவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பழைய எண்களைக் கருவி நெடுங்காலம் எச்சரித்த பிறகே கைவிடுகிறது. இவ்வளவு பொறுமையான ஏற்பாட்டைத் தன்னார்வலர்கள் இத்தனை ஆண்டுகள் காத்துவருவது மென்பொருள் உலகில் பெரிதும் மதிக்கத்தக்க பணிகளுள் ஒன்று.

ஆக்கத்தைத் தனிச் சொல்லால் குறிக்க வேண்டிய தேவையை 2024 மார்ச்சில் வெளிவந்த ஒரு செய்தி எல்லோருக்கும் உணர்த்தியது. கோப்புகளின் அளவைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளத்தனமாக நுழைய வழிவிடும் புறவாசல் ஒன்று புதைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டறிந்தார். அதைத் தூண்டிவிடும் வரிகள் எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக் கோப்பில் இருந்த ஓர் ஆக்கக் கட்டளைக் கோப்பில் இருந்தன. டெபியன் பொதியாகவோ, வேறு சில லினக்ஸ் தொகுப்புகள் ஆளும் ஆர்பிஎம் பொதியாகவோ ஆக்கப்படும்போது மட்டுமே அவை விழித்தெழுந்தன. நிரலை உருவாக்கும் இடம் வேறு, ஆக்கும் இடம் வேறு என்ற பிரிவினை உண்மையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஒரே மூலத்தை ஒரே சூழலில் யார் ஆக்கினாலும் ஒரு பிட்டும் பிசகாமல் ஒரே விளைவு வர வேண்டும் என்ற ‘ரீப்ரொடியூசிபிள் பில்ட்ஸ்’ முயற்சி, டெபியனில் 2013 முதல் நடந்துவருகிறது. ஆக்கிய நேரம், கோப்புகளின் வரிசை, கோப்புறையின் பெயர் போன்றவை விளைவுக்குள் கசிந்து வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகக் களைகிறார்கள். இதை ‘மாறா ஆக்கம்’ என்று சொல்லலாம். இது எல்லாவகைக் கேட்டையும் தடுத்துவிடாது. மூலத்திலேயே நஞ்சு இருந்தால் அந்த நஞ்சும் மாறாமல் வந்து சேரும். ஆக்கும் பொறியில் யாரும் கைவைக்கவில்லை என்பதை மட்டும் இதனால் எவரும் சரிபார்க்கலாம்.

பேக்கேஜ் என்பதற்கு நான் மேலே ஆண்ட ‘பொதி’ பற்றியும் ஒரு சொல். இதைத் ‘தொகுப்பு’ என்று எழுதுவோர் உண்டு. ஆனால் பொதிகளின் பெருந்திரளுக்குத் தொகுப்பு என்ற சொல் வேண்டியிருக்கிறது. ‘பேக்’ என்பது இடைக்காலக் கம்பளி வணிகத்தோடு டச்சு, ஃபிளெமிஷ் வணிகர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த மூட்டைச் சொல். பொதிமாடு, பொதி சுமத்தல் என்ற வழக்குகளில் நம் சொல்லும் வணிக மூட்டையையே குறிக்கிறது. பொருள் பொதிந்த சொல் என்பதில் வருவதுபோல, உள்ளே ஒன்றை அடக்கி வைத்திருத்தல் என்ற கருத்தும் அதில் இருக்கிறது.

‘ஆக்கம்’ குறளில் செல்வத்தையும் உயர்வையும் குறிப்பதாயிற்றே, இன்று கதை கட்டுரைகளையும் ஆக்கங்கள் என்கிறோமே என்று சிலர் தயங்கக்கூடும். சூழல் பொருளைத் தெளிவாக்கிவிடும். ஐயம் எழும் இடத்தில் ‘பொதியாக்கம்’, ‘நிரலாக்கம்’ என்று அடை சேர்த்துக்கொள்ள எண்ணினால் மட்டும் ஓர் எச்சரிக்கை: நிரலாக்கம் என்ற சொல் நிரல் எழுதுதலுக்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது, அதைத் தொட வேண்டாம். பொதியாக்கமும் மூட்டை கட்டும் கடைசிப் படியைக் குறிக்கும் ‘பேக்கேஜிங்’ என்பதற்கே உரியது. எஞ்சியவை எளிதாக அமைகின்றன: ஆக்கக் கருவி, ஆக்கச் சார்பு, ஆக்கப் பொறி, ஆக்கப் பதிவு, ஆக்க எண். கடைசிச் சொல் நீங்கலாக மற்றவற்றில் வல்லினம் மிகும். கட்டளைத் திரைகளை மொழிபெயர்ப்போர் அதை விடாமல் எழுத வேண்டும்.