மரத்தூள் மாத்திரையும் மூச்சு முட்டுற அடுப்பும்

அமெரிக்கா, கனடா, இத்தாலி, ஆஸ்திரியா பக்கமெல்லாம் குளிர்காலத்துல நிறைய வீட்டுல பெல்லட் ஸ்டவ்னு ஒண்ணு ஓடிட்டிருக்கும். சமைக்கற அடுப்பு இல்லீங்க, வீட்டை சூடு பண்றது. எரியறது வெறும் மரத்தூள் தான். நம்ம ஊர்ல தகர அடுப்புல மரத்தூளை இடிச்சு கெட்டிச்சு, நடுவுல பாட்டில வெச்சு உருவி ஓட்டை விட்டு எரிப்பாங்களே, அதுக்கு கரண்ட்ல ஓடற ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்கோங்க. இங்க இடிக்கற வேலைய மெஷின் பாக்குது. அந்த அழுத்தத்துல வர்ற சூட்டுல மரத்துலயே இருக்கற லிக்னின் இளகி பசை மாதிரி பிடிச்சுக்கும், 6 மில்லிமீட்டர் தடிமன்ல பளபளன்னு சின்ன சின்ன குச்சியா வந்து விழும், அதுக்குப் பேர் தான் பெல்லட்.

ஸ்டவ்வுக்கு உள்ள ஒரு தொட்டி, அதுல பெல்லட்ட கொட்டிட்டா ஆகர்னு ஒரு திருகு மெதுவா சுத்தி கொஞ்சம் கொஞ்சமா ஒரு இரும்பு கிண்ணத்துல தள்ளிவிடும். கிண்ணத்துல ஓட்டை ஓட்டையா இருக்கும், அது வழியா காத்து வந்து எரியும். ஃபேன் ரெண்டு. ஒண்ணு சூட்டை ரூமுக்குள்ள ஊதறது, அது நின்னாலும் பெரிய கலவரம் இல்ல. இன்னொண்ணு புகைய வெளிய இழுக்கறது, அது தான் இந்த மெஷினோட உயிர்.

ஏன்னா விறகு அடுப்புல உயரமான சிம்னியே புகைய இழுத்துக்கும், இங்க 3 இல்ல 4 இஞ்ச் பைப் சுவத்து வழியா வெளிய போறதோட சரி, இழுக்கறது முழுக்க ஃபேன் தான். அது ஓடற வரைக்கும் அடுப்புக்குள்ள அழுத்தம் ரூமை விட கொஞ்சம் கம்மியா இருக்கும், அதனால எங்கயாவது இடுக்கு இருந்தா கூட ரூம் காத்து உள்ள போகுமே தவிர புகை வெளிய வராது. கரண்ட் போச்சுன்னா கதை தலைகீழ். கிண்ணத்துல இருக்கறது புகைஞ்சுட்டே இருக்கும், புகை ரூமுக்கு வழி தேடும். இதுக்காகவே சிலர் பைப்பை கொஞ்சம் செங்குத்தா ஏத்தி விடுவாங்க, சிலர் யுபிஎஸ் போடுவாங்க. பைப் அடைச்சாலோ கதவு திறந்திருந்தாலோ அழுத்தத்த வெச்சு கண்டுபிடிச்சு ஆகரை நிறுத்தற சுவிட்ச் ஒண்ணும் உள்ள இருக்கு. அடிக்கடி ஸ்டவ் நின்னு போகுதேன்னு அந்த சுவிட்சுக்கு குறுக்க ஒயர் போட்டு ஏமாத்தறவங்களும் இருக்காங்க, இதை விட மடத்தனம் என்ன இருக்கு?

சரி, அடிக்கடி ஏன் நிக்குது? பாதி நேரம் குத்தவாளி பெல்லட் தான். நல்ல பெல்லட்டுக்கு ஐரோப்பால ஈஎன்பிளஸ் ஏ1னு முத்திரை, ஈரம் 10 சதவீதத்துக்குள்ள, சாம்பல் 0.7 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 0.7ன்னா 18 கிலோ பைக்கு சாம்பல் ஏறக்குறைய 125 கிராம், அதுவே மரப்பட்டை கலந்த மட்டமான சரக்குல 3 சதவீதம் இருந்தா 540 கிராம். அளவு கூட பரவால்ல, அள்ளி கொட்டிடலாம், பட்டையில ஒட்டியிருக்கற மணலும் பட்டைக்குள்ள இருக்கற பொட்டாசியமும் சேர்றது தான் வில்லங்கம். மணல் தனியா உருக 1,700 டிகிரி செல்சியஸ் வேணும், பொட்டாசியம் கூட சேர்ந்துட்டா 1,000க்கு கீழயே உருகிடும், கிட்டத்தட்ட கண்ணாடி செய்யற அதே சங்கதி. கிண்ணத்துல கிளிங்கர்னு ஒரு கட்டி உக்காந்துக்கும், ஓட்டையெல்லாம் அடைக்கும், காத்து போகாது, அப்புறம் தீ மஞ்சளா துடிப்பா எரியாம ஆரஞ்சு கலர்ல சோம்பலா ஆடும், திரியை அதிகமா ஏத்தின சிமினி விளக்கு மாதிரி ஸ்டவ் கதவோட கண்ணாடி கருத்துடும்.

ஈரம் பட்ட பெல்லட் இன்னும் மோசம், உப்பி உதிர்ந்து பழையபடி மரத்தூளாவே ஆயிடும், ஆகர்ல போய் சிமெண்ட் மாதிரி இறுகி திருகு சுத்தாது. பையை வெறும் தரையில வைக்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

எனக்கு ரொம்ப பயமா படறது, தீ பத்திக்காம போன பெல்லட். கிண்ணம் நிறைய பெல்லட், தீ பிடிக்கல, வெறும் புகை மட்டும் அடுப்பு முழுக்க நிக்குது. அந்த வெள்ளை புகை வெறும் புகை இல்ல, எரியக்கூடிய வாயு. திடீர்னு ஒரு சுடர் வந்தா மொத்தமும் ஒரே நேரத்துல பத்தி டப்புனு வெடிக்கும், கண்ணாடி தெறிக்கலாம். அந்த நேரத்துல கதவை திறந்து பாக்கறதோ, எரியலயேன்னு மேல இன்னும் ஒரு கை அள்ளி போடறதோ கூடவே கூடாது, ஃபேன் புகைய இழுத்து முடிக்கட்டும், நல்லா ஆறினதும் கிண்ணத்தை காலி பண்ணிட்டு மறுபடி பத்த வைக்கலாம்.

பெல்லட் எரியாம சும்மா கிடந்தாலும் கார்பன் மோனாக்சைட்ங்கற விஷ வாயுவ விடும்ங்கறது பலருக்கு தெரியாது. மரத்துல இருக்கற கொழுப்பு அமிலம் காத்தோட சேர்ந்து மெதுவா ஆக்சிஜனேற்றம் ஆகறப்போ வர்றது அது, புதுசா செஞ்ச பெல்லட்ல அதிகம். வீட்டுல நாலு பை வெச்சிருக்கறவங்க பதற வேண்டாம், லாரியில கொண்டு வந்து டன் கணக்கா கொட்டி மூடி வைக்கற அறை தான் ஆபத்து. 2006ல கனடாவுல இருந்து பெல்லட் ஏத்திட்டு ஸ்வீடன் ஹெல்சிங்போரி துறைமுகத்துக்கு வந்த கப்பல்ல, சரக்கறைய ஒட்டின படிக்கட்டுல இறங்கின ஒரு மாலுமி செத்தே போனார். அங்க எதுவும் எரியல, வாசனையும் வரல. ஐரோப்பால வீட்டு பெல்லட் அறைகள்லயும் இப்படி உயிர் போயிருக்கு. அதனால தான் அந்த அறைக்கு வெளிய காத்து போக வழி வெக்கணும், உள்ள இறங்கறதுக்கு முன்னாடி கதவை திறந்து போட்டு நல்லா காத்தாட விடணும், கார்பன் மோனாக்சைட் அலாரம் ஸ்டவ் இருக்கற ரூம்ல மட்டும் போதாது, தூங்கற ரூம் பக்கத்துலயும் ஒண்ணு மாட்டணும்.