துவக்கு லைசன் இருந்தால் தோட்டாவை வீட்டில் நிரப்பலாமா?

வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிற மாமா ஒருவர் போன மாதம் ஒரு பால்மா டின்னை என் முன்னால் வைத்தார். உள்ளே சுட்டு முடிந்த 12 போர் துவக்கின் தோட்டாக் கூடுகள், முப்பதாவது இருக்கும், பித்தளை அடியெல்லாம் பனி ஈரத்தில் பச்சை பூத்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ரைபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புவதை வீடியோவில் பார்த்திருக்கிறார். "நமக்கும் லைசன் இருக்கே, நாமளும் செய்யலாந்தானே?" என்று கேட்டார்.

செய்ய முடியாது மாமா.

இலங்கையில் நம்மிடம் இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அனுமதி. அது துவக்கை வைத்திருக்க மட்டும்தான். வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் என்று தனிச் சட்டம் இருக்கிறது, அதற்குரிய அனுமதி இல்லாமல் மருந்து செய்யவோ வைத்திருக்கவோ கூடாது. ஆகவே தோட்டாவை அனுமதி பெற்ற கடையில், உங்கள் அனுமதிப் பத்திரத்தைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் இது சட்டப்படியான பொழுதுபோக்கு. அங்கே மருந்தைக் கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள், ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம் அளவுதான். எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்பதைச் சிறிது சிறிதாக மாற்றிச் சுட்டுப் பார்த்து, தன் ரைபிளுக்கு எது ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிப்பார்கள். அவ்வளவு நுணுக்கமான வேலை. கரிமருந்துக்குச் செய்த பழைய குழலில் அழுத்தம் கூடிய புகையில்லா மருந்தைப் போட்டால் குழலே வெடித்துவிடலாம், கையும் கண்ணும் போன பிறகு எந்தச் சட்டம் பேசி என்ன பயன்?

குறி நன்றாக விழ வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை, அதற்குச் சட்டத்துக்குள்ளேயே வழி உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுத் தோட்டாவையே வாங்குங்கள். ஒரு குழலில் சன்னம் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) நெருங்கி விழுகிற தோட்டா இன்னொரு குழலில் பரந்து விழும், அதனால் மாற்றி மாற்றிப் போட்டால் உங்கள் துவக்கின் குணம் உங்களுக்கே பிடிபடாது. மலையில் ஈரம் பெரிய எதிரி. டின்னை இறுக மூடி வையுங்கள், ஊறிப்போன தோட்டாவை அடுப்பருகே காயவைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, பயிரைக் காக்கக் கொடுத்த துவக்கு சிறுத்தையையும் மரையையும் சுடுவதற்கு அல்ல, அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பன்றிக்கென்று கம்பிச் சுருக்கு வைப்பதும் வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படியொரு சுருக்கில் மாட்டி ஒரு கருஞ்சிறுத்தை செத்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அப்புறம், அனுமதி உங்கள் பெயருக்கு மட்டும்தான். பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஓர் இரவுக்குக்கூட இரவல் கொடுக்க முடியாது, அப்பா இறந்தால் தானாக மகனுக்கும் போகாது. வருடா வருடம் ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் வழக்கு வரும். டிசம்பர் மழையில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலையாமல் ஒக்டோபரிலேயே போய்விடுங்கள். பழைய பத்திரத்தையும் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.